மூலை மரம் உறுதியா? பழைய டிரக் கேம்பரைச் செப்பனிட்டு, ஏற்றிக் கட்டும் முறை

ஓரிகனில் போர்ட்லாண்டிலிருந்து கடற்கரைக்குப் போகும் நெடுஞ்சாலை 26 மலைத்தொடர் ஒன்றை ஏறி இறங்கும். புதிதாக வாங்கிய பழைய கேம்பரை, அதாவது டிரக்கின் மேல் உட்காரும் சிறு வீட்டை, ஏற்றிக்கொண்டு நாங்கள் போன முதல் பயணம் அந்த வழியில்தான். இறக்கம் முடிந்ததும் வண்டியை நிறுத்திச் சுற்றிப் பார்த்தேன். வலது பின் மூலையில், கட்டுக் கம்பியைப் பிடித்திருக்கும் வளைய போல்ட் சுண்டுவிரல் அகலத்துக்கு வெளியே வந்திருந்தது. அந்த இடத்தை வீட்டுச் சாவியால் குத்தினேன். சாவி பாதி வரை உள்ளே போனது. உள்ளே இருந்தது மரமில்லை, கரும்புச் சக்கை. பின்னால் குழந்தைகளுடன் ஒரு கார் வந்துகொண்டிருந்ததை நினைத்தால் இப்போதும் மனம் பதறுகிறது.

கேம்பரைச் செப்பனிடுவது ஒரு வேலை, டிரக்கில் கட்டுவது வேறு வேலை என்று பலரும் பிரித்து நினைக்கிறார்கள். இரண்டும் ஒரே வேலை. எவ்வளவு நல்ல கட்டுக் கம்பி வாங்கினாலும், அது கடைசியில் பிடித்திருப்பது கேம்பரின் மூலை மரத்தை. அது மக்கியிருந்தால் கட்டவே இல்லை என்றுதான் அர்த்தம்.

அமெரிக்காவில் டிரக் கேம்பர் என்பது பிக்கப்பின் பின்தொட்டிக்குள் நுழைந்து உட்காரும் சிறிய வீடு. வேண்டும்போது ஏற்றலாம், வேண்டாதபோது நான்கு ஜாக்குகளில் இறக்கி நிறுத்தலாம். பழைய கேம்பர்களில் பெரும்பாலானவை நம்மூர்த் தச்சர்கள் ரீப்பர் என்று சொல்வார்களே, ஏறக்குறைய அந்த அளவு பைன் மரச் சட்டங்களால் ஆனவை. வெளியே மெல்லிய அலுமினியத் தகடு, உள்ளே 3 மி.மீ. பிளைவுட், நடுவே கண்ணாடி நார்ப் பஞ்சு. தண்ணீர் ஒருமுறை உள்ளே போனால் பஞ்சு அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும், மரம் மெல்ல மக்கும், வெளித் தகடு மட்டும் பளபளவென்றே இருக்கும்.

முதலில் எடை

ஒரு திருகைக் கழற்றும் முன் டிரக்கின் ஓட்டுநர் கதவைத் திறந்து, கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் டயர் விவர ஸ்டிக்கரைப் பாருங்கள். ஆட்களும் சரக்கும் சேர்ந்து எத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் இருக்கும். என் டிரக்கில் 3,400. கேம்பரின் மேல் ஒட்டியிருக்கும் எடைச் சீட்டை நம்ப வேண்டாம். அது பெரும்பாலும் வெறும் கூட்டின் எடை. 30 காலன் தண்ணீர் மட்டுமே 250 பவுண்டு, அதாவது 113 கிலோ. பேட்டரி, கேஸ் சிலிண்டர், பாத்திரம், படுக்கை எல்லாம் அதற்கு மேல்.

லாரிகள் நிற்கும் டிரக் ஸ்டாப்களில் எடைமேடை இருக்கும். முன் அச்சு, பின் அச்சு இரண்டுக்கும் தனித்தனியாக எடை தருவார்கள். டேங்க் நிறைய எரிபொருளுடன் வெறும் டிரக்கை ஒருமுறை நிறுத்துங்கள். பிறகு எல்லாம் நிரப்பிய கேம்பருடன், அதே அளவு எரிபொருள், அதே ஆளோடு இன்னொரு முறை. என் கணக்கு இது: முன் அச்சு 3,760-லிருந்து 3,840 ஆனது, பின் அச்சு 2,740-லிருந்து 5,180 ஆனது. கேம்பரின் எடை 2,520 பவுண்டு. முன் அச்சில் 80 கூடியிருக்கிறதே, அதுதான் நல்ல செய்தி. கேம்பரின் எடை மையம் பின் அச்சுக்கு முன்னால் விழுகிறது. எவ்வளவு முன்னால்? அச்சுகளின் இடைத்தூரம் 158 அங்குலம். 80-ஐ 158-ஆல் பெருக்கி 2,520-ஆல் வகுத்தால் 5 அங்குலம். உங்கள் முன் அச்சின் எடை குறைந்திருந்தால் மையம் பின்னால் போய்விட்டது. ஸ்டியரிங் லேசாகிவிடும், பிரேக்கும் சரியாகப் பிடிக்காது. அந்த டிரக்குக்கு அந்தக் கேம்பர் ஆகாது. பின் அச்சின் எடை, கதவுச் சட்டத்திலேயே போட்டிருக்கும் அச்சு வரம்புக்குள் இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

மக்கிய இடத்தைத் தேடுவது

கூர்மையான ஊசி உளி ஒன்றும் விலை குறைந்த ஈரமானி ஒன்றும் போதும். கேம்பரின் பக்கங்களில் தொட்டிச் சுவருக்கு மேலாக நீளும் பகுதியைச் சிறகு என்பேன். அதன் அடிப்பக்கம், நான்கு மூலைகள், படுக்கைக்கு முன்னுள்ள ஜன்னலின் கீழ், கூரைத் துவாரங்களைச் சுற்றி, இத்தனை இடத்திலும் அழுத்திப் பாருங்கள். ஈரமானி 20 சதவீதத்தைத் தாண்டினால் அங்கே மரம் மக்கக்கூடிய நிலை. ஜாக்கின் தாங்கிகளும் இதே மூலை மரத்தில்தான் பூட்டியிருக்கும். ஆகவே மூலையைச் சோதிக்காமல் ஜாக்கை நம்பித் தூக்காதீர்கள். தூக்கி டிரக்கை வெளியே எடுத்ததும், தடித்த மரக்கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி, அதன்மேல் கேம்பரின் தரை உட்காரும்படி இறக்குங்கள். ஜாக்குகள் மட்டும் தாங்கும் கேம்பருக்கு அடியில் யாரும் நுழையக் கூடாது.

உள்ளே எலிப் புழுக்கை இருந்தால் காய்ந்தபடியே பெருக்க வேண்டாம். மேற்கு அமெரிக்காவில் எலிகள் மூலம் ஹான்டா வைரஸ் பரவும். 1993-இல் நியூ மெக்சிகோ பக்கம் பல உயிர்களை வாங்கிய நோய் அது. கதவு ஜன்னலைத் திறந்து காற்றோட விட்டு, கையுறையும் முகக்கவசமும் அணிந்து, ஒரு பங்கு பிளீச்சுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து தெளித்து, ஐந்து நிமிடம் ஊறிய பிறகு துடைத்தெடுங்கள்.

பிரித்தலும் புது மரமும்

முதலில் எல்லாப் பக்கமும் படம் எடுத்து வையுங்கள். மூலையிலுள்ள அலுமினியப் பட்டியைக் கழற்றி, ஒவ்வொரு தகட்டுக்கும் எண் எழுதி, பிரித்து வையுங்கள். பஞ்சை எறிந்துவிடலாம். பிறகு மின்விசிறி போட்டுச் சில நாள் உலர விடுங்கள். அவசரப்பட்டு ஈர மரத்தோடு புது மரத்தைச் சேர்த்தால் புதியதும் போகும்.

கண்ணுக்குத் தெரியும் கெட்ட பகுதியிலிருந்து ஒரு சாண் தள்ளி வெட்டுங்கள். வெட்டுமுகம் வெளிர் மஞ்சளாக, உளி இறங்காத அளவுக்கு இறுகியிருக்க வேண்டும். புதுச் சட்டத்தைப் பழைய சட்டத்தோடு பக்கவாட்டில் சேர்த்து, பாலியூரித்தேன் பசையும் துருப்பிடிக்காத திருகும் போட்டு இணையுங்கள். ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது: இனிமேல் மக்கவே கூடாது என்று மருந்தேற்றிய மரத்தை வாங்கிப் போடுவது. அந்த மருந்தில் செம்பு இருக்கிறது. ஈரம் பட்டால் அது அலுமினியத் தகட்டை அரித்துவிடும். சாதாரண மரமே போதும், வெட்டிய முனைகளில் எபாக்சி (இரண்டு திரவங்களைக் கலந்ததும் இறுகும் பசை) பூசுங்கள்.

இனி மூலை. இந்த வேலையில் அதிக நேரம் இங்கேதான் செலவிட வேண்டும். பழைய கேம்பரில் வளைய போல்ட் ஒற்றை ரீப்பரில் ஏறியிருந்தது. நான் முக்கால் அங்குல வெளிப்புறப் பிளைவுட்டில் மூன்று துண்டு வெட்டி, எபாக்சி தடவி ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, இரவு முழுக்கக் கிளாம்ப் போட்டு இறுக்கி வைத்தேன். மறுநாள் அது இரண்டேகால் அங்குலக் கட்டி. தட்டினால் கல் போலச் சத்தம். அதைத் தரைச் சட்டத்தோடும் நிற்கும் சட்டத்தோடும் இணைத்தேன். வளைய போல்ட் அந்தக் கட்டியை முழுவதும் ஊடுருவி உள்ளே வர வேண்டும். உள்பக்கம் 4-க்கு 6 அங்குலத்தில், கால் அங்குலக் கனமுள்ள இரும்புத் தகடு, அதன்மேல் பூட்டு நட். சிறிய வாஷர் போட்டால் இழுவை முழுவதும் ஒரு புள்ளியில் விழுந்து மரத்தைக் கிழிக்கும். தகடு அதை உள்ளங்கை அளவுக்குப் பரப்பிவிடும். நான்கு மூலைக்கும் இதைச் செய்யுங்கள், மூன்று நன்றாக இருந்தாலும்.

ஒழுகாமல் மூடுவது

இடுக்குகளை அடைத்திருக்கும் பழைய சீலன்ட்டைப் பிளாஸ்டிக் சுரண்டியால் முழுக்க எடுத்துவிடுங்கள். ஜன்னல், மூலைப்பட்டி, விளக்கு எல்லாவற்றின் அடியிலும் பியூட்டைல் டேப் (மெதுவான, ஒட்டும் ரப்பர் பட்டை) வைத்துத் திருகுங்கள். பக்கவாட்டில் பிதுங்கி வரும். மறுநாள் திருகுகளை இன்னொரு சுற்று இறுக்கிவிட்டு, பிதுங்கியதை வெட்டுங்கள். கூரையில், அந்தக் கூரைப் பொருளுக்கென்றே விற்கும் தானாகப் பரவும் சீலன்ட் ஊற்றுங்கள். சிலிகான் வேண்டவே வேண்டாம். அது வயதாகி விட்டுப்போகும்போது, அதன்மேல் வேறெதுவும் ஒட்டாது.

கேஸ் இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். கேம்பரில் இருக்கும் கேஸ் புரொப்பேன்; அது காற்றைவிடக் கனமானது, அதனால் கசிவு காட்டும் கருவி தரையோரம் இருக்க வேண்டும்.

ஏற்றிக் கட்டுவது

டிரக்கின் பின்கதவைக் கழற்றி, தொட்டியில் பிளாஸ்டிக் உறை இருந்தால் அதையும் எடுத்துவிட்டு, கனமான ரப்பர் பாய் விரியுங்கள். பிளாஸ்டிக் வழுக்கும், ரப்பர் பிடிக்கும். கேம்பருக்கும் தொட்டியின் முன்சுவருக்கும் இடைவெளி இருந்தால் மரச்சட்டத்தால் நிரப்புங்கள். பிரேக் போடும்போது கேம்பர் ஓடி வந்து மோத இடமே இருக்கக் கூடாது. பின்னால் ஒருவர் நின்று வழிகாட்ட, அங்குலம் அங்குலமாக டிரக்கைப் பின்னே கொண்டுபோய், நான்கு ஜாக்குகளையும் கொஞ்சம் கொஞ்சமாக, சமமாக இறக்குங்கள்.

கட்டும் கொக்கிகளைத் தொட்டியின் தகட்டில் பூட்டும் வகையும் உண்டு, டிரக்கின் அடிச்சட்டத்தில் பூட்டும் வகையும் உண்டு. இவ்வளவு எடைக்கு என் தேர்வு அடிச்சட்டம்தான், செலவு கூடினாலும். தொட்டித் தகடு மெல்லியது, வளையும். கட்டுக் கம்பியைத் திருகி இறுக்கும் பாகம்தான் டர்ன்பக்கிள். முன் இரண்டு டர்ன்பக்கிள்களும் கீழாகவும் முன்னோக்கியும் இழுக்கட்டும், பின் இரண்டும் கீழாகவும் பின்னோக்கியும். நான்கும் நேர் செங்குத்தாக இருந்தால் கேம்பர் முன்னும் பின்னும் நகர்ந்த பிறகுதான் அவை பிடிக்கும். எதிரெதிராக இழுத்தால் நகரவே விடாது. ஸ்பிரிங் வைத்த டர்ன்பக்கிள் வாங்குங்கள். பள்ளத்தில் இறங்கும்போது டிரக் முறுக்கிக்கொள்ளும், அப்போது கொக்கி கழலாமல் ஸ்பிரிங் இழுத்துப் பிடிக்கும். பலம் கொண்ட மட்டும் முறுக்கினால் மூலை மரம்தான் பாதிக்கப்படும். தயாரிப்பாளர் சொன்ன குறி வரை இறுக்கி, பூட்டு நட்டைப் போடுங்கள். நைலான் பட்டைகள் இழுபடும், அவற்றை நம்பிப் பயணம் வேண்டாம்.

கட்டி முடித்ததும் ஒவ்வொரு நட்டின் மேலும் அதை ஒட்டிய இரும்பின் மேலும் சேர்த்து வெள்ளைப் பெயின்ட்டால் ஒரே கோடு இழுங்கள். உள்பக்கத் தகட்டு நட்டுக்கும்தான். முதல் 10 மைலில் நிறுத்திப் பாருங்கள், அப்புறம் 50 மைலில், அதன்பின் எரிபொருள் போடும் ஒவ்வொரு முறையும். கோடு உடைந்து இரண்டாகத் தெரிந்தால் நட் நகர்ந்திருக்கிறது. கோடு நேராக இருந்தும் டர்ன்பக்கிள் தளர்ந்திருந்தால், மூலை மரத்தில் உளியை வைத்து அழுத்திப் பார்த்த பிறகுதான் வண்டியை எடுக்க வேண்டும்.