பிரிட்டன் ஸ்டூடண்ட் விசா: பணக் கணக்கில் சறுக்காமல் இருக்க

காஸ் (CAS) எண், அதாவது இடம் உறுதி என்று பிரிட்டன் கல்வி நிறுவனம் தரும் எண், கைக்கு வந்ததும் முதலில் எடுக்க வேண்டியது வங்கிக் கணக்கைத்தான். காஸில் உள்ள முதலாண்டுக் கட்டணத்தில் பாக்கி, அதோடு அதிகபட்சம் 9 மாத வாழ்க்கைச் செலவு. லண்டனுக்குத் தொகை கூடுதல். இந்தப் பணம் தொடர்ந்து 28 நாள் கணக்கில் இருக்க வேண்டும். நடுவில் ஒரே ஒரு நாள், அதுவும் ஓர் இஎம்ஐ பிடித்ததால், இருப்பு கீழே போனாலும் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்துதான். 28-ஆவது நாளுக்கும் விசாக் கட்டணம் செலுத்தும் நாளுக்கும் இடையே 31 நாளைத் தாண்டக் கூடாது. ரூபாய் மதிப்பு ஆடும். கொஞ்சம் கூடுதலாகவே வையுங்கள்.

பணம் மாணவர் பெயரிலோ பெற்றோர் பெயரிலோ இருக்கலாம். மாமா, சித்தப்பா, தாத்தா கணக்கு செல்லாது. பெற்றோர் கணக்கென்றால் பிறப்புச் சான்றிதழும் சம்மதக் கடிதமும் தேவை. நம் ஊரில் சிக்கல் இங்கேதான்: சான்றிதழில் "சு. முருகேசன்", வங்கியில் "முருகேசன் சுப்பையா", பாஸ்போர்ட்டில் வேறொன்று. மூன்றும் ஒருவரே என்று நிரூபிக்கும் ஆவணத்தை முன்பே தயார் செய்யுங்கள்.

கல்விக் கடனுக்கு 28 நாள் விதி இல்லை. ஆனால் கடன் மாணவர் பெயரில் இருக்க வேண்டும். கடன் அனுமதிக் கடிதம் விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 6 மாதத்துக்குள் தரப்பட்டதாக இருக்க வேண்டும். அப்பா பெயரில் மட்டும் வாங்கிய கடன் உதவாது.

பணத்தோடு, விசாவுக்குத் தேவையான காசநோய்ப் பரிசோதனையையும் கவனியுங்கள்; அதை அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் மட்டும் எடுங்கள். தெரிந்த டாக்டரின் எக்ஸ்ரே எடுபடாது. சான்றிதழ் 6 மாதமே செல்லும்.