வீவக மறுவிற்பனைத் தரவில் வேண்டிய ஆண்டுகளை மட்டும் ஆர் மொழியில் பிரித்தெடுப்பது

2017 முதல் 2019 வரை சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் கைமாறிய வீடுகள் மட்டும் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் மறுவிற்பனை விலைக் கோப்பு அரசாங்கத்தின் திறந்த தரவுத் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, ஆனால் இறக்கிய கையோடு ஃபில்டர் (வடிகட்டும் கட்டளை) போட்டுவிடாதீர்கள், முதலில் எஸ்டிஆர் கட்டளையை ஓட்டி ஒவ்வொரு நெடுவரிசையும் என்ன வகை என்று பாருங்கள். மாதம் இருக்கும் நெடுவரிசை தேதியே இல்லை, "2017-01" என்ற வெறும் எழுத்துதான். நாள் இல்லாததால், தேதியாக மாற்றும் ஆஸ்.டேட் கட்டளை அதை ஏற்காமல் பிழை காட்டி நின்றுவிடும். எழுத்துகளை ஒட்டும் பேஸ்ட்0 கொண்டு கடைசியில் "-01" ஒட்டிவிட்டு மாற்றுங்கள், தேதிகளைக் கையாளும் லூப்ரிடேட் தொகுப்பு இருந்தால் அதிலுள்ள ஒய்எம் கட்டளை ஒன்றே போதும்.

சரி, இப்போது வடிகட்டலாம். இயர் கொண்டு ஆண்டைப் பிரித்து, பிட்வீன் உள்ளே 2017, 2019 என்று கொடுத்தால் எல்லையிலுள்ள அந்த இரண்டு ஆண்டுகளுமே சேர்ந்து வரும். படிக்க எளிது, இந்தக் கோப்புக்கு இதுவே தாராளம். ஆனாலும் நான் எல்லைத் தேதிகளை எழுதுவதைத்தான் பரிந்துரைப்பேன்: 2017 ஜனவரி 1 அல்லது அதற்குப் பிறகு, 2020 ஜனவரி 1க்கு முன்பு. "டிசம்பர் 31 வரை" என்று எழுதினால், நேரமும் சேர்ந்த தரவில் அந்த எல்லை 31ஆம் தேதி நள்ளிரவு 12 மணியோடு முடிந்துவிடும், அன்று பகல் முழுக்க நடந்தது கைவிட்டுப் போகும்.

நேரம் இருந்தால் நேர மண்டலத்தையும் கவனியுங்கள். சிங்கப்பூர் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தைவிட 8 மணி நேரம் முன்னால் இருப்பதால், இங்கே ஜனவரி 1 காலை 7 மணிக்குப் பதிவானது யூடிசியில் முந்தைய ஆண்டின் டிசம்பர் 31 இரவு 11 மணி. அந்த ஒரு வரிசை தவறான ஆண்டில் போய் உட்காரும், பிழைச் செய்தி எதுவும் வராது! ஆகவே மாற்றும்போதே ஏசியா/சிங்கப்பூர் என்று குறிப்பிட்டுவிடுங்கள்.

அதே கோப்பில் குத்தகை தொடங்கிய ஆண்டு என்று இன்னொரு நெடுவரிசை உண்டு, பெயரில் தேதி என்று இருந்தாலும் உள்ளே 1979 போல வெறும் எண். அதை ஆஸ்.டேட்டில் போட்டால் 1970 ஜனவரி 1இலிருந்து 1979 நாள் எண்ணி 1975 ஜூன் 3 என்று கொடுக்கும். அதை மாற்றவே வேண்டாம், எண்ணாகவே ஒப்பிடுங்கள்.

அப்புறம், ஃபில்டரும் பிட்வீனும் இருக்கும் டிப்ளையர் தொகுப்பை ஏற்ற மறந்தால் ஃபில்டர் என்ற பெயரில் ஓடுவது காலத்தொடருக்கான வேறு கட்டளை. முடித்ததும் மாதத் தேதிகளில் முதலாவதையும் கடைசியையும் காட்டும் ரேஞ்ச் ஓட்டிப் பாருங்கள்: 2017 ஜனவரி 1, 2019 டிசம்பர் 1 என்று வர வேண்டும்.