விதைப்பையில் வலி: எப்போது உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்

விதைப்பையில் வலி என்றால் முதலில் கவனிக்க வேண்டியது அது தொடங்கிய விதம். சில நாட்களாக மெல்ல மெல்லக் கூடிவந்த வலிக்கும், நல்ல உறக்கத்திலிருந்து எழுப்பிவிடும்படி ஒரு பக்கத்தில் திடீரெனப் பிடித்த வலிக்கும் காரணங்கள் பெரும்பாலும் வேறு வேறானவை. இரண்டாவது வகைக்கு நம் கையில் இருப்பது சில மணி நேரம் மட்டுமே.

விதை ஒரு கொடியில் தொங்குகிறது. அதற்கான இரத்தக் குழாய்களும் நரம்புகளும் அந்தக் கொடிக்குள்ளேதான் செல்கின்றன. சிலருக்குப் பிறவியிலேயே விதைக்குப் பையினுள் சரியான பிடிமானம் இல்லாமல், மணியின் நாக்கைப் போல் அது தளர்ந்து ஆடும். அத்தகைய விதை சுற்றிக்கொண்டால் கொடி முறுக்கேறி இரத்த ஓட்டம் தடைபடுகிறது. இந்த விதை முறுக்கம் 12 முதல் 18 வயது வரையுள்ள பையன்களிடமே அதிகம் காணப்படுகிறது; ஆனால் பச்சிளங்குழந்தைக்கும் நடுவயதினருக்கும் வராது என்று சொல்வதற்கில்லை. விளையாடும்போது வரலாம், எந்தக் காரணமும் இன்றித் தூக்கத்திலும் வரலாம். வலி தொடங்கிய 6 மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்து முறுக்கை அவிழ்த்துவிட்டால் பத்தில் ஒன்பது பேருக்கு விதை பிழைத்துவிடுகிறது. 12 மணி நேரமானால் அந்த வாய்ப்பு ஏறக்குறையப் பாதியாகிவிடும். ஒரு நாள் கடந்துவிட்டால் பெரும்பாலும் விதையை அகற்ற வேண்டியதாகிறது.

நம் வீடுகளில் இந்த அருமையான நேரம் வெட்கத்தாலும் சூட்டின் மீது பழி போடுவதாலும் வீணாகிறது. பதினான்கு வயதுப் பையன் தாயிடம் “வயிறு வலிக்கிறது” என்றுதான் சொல்வான். அதைப் பொய்யென்றும் சொல்ல முடியாது, ஏனெனில் விதையின் வலி அடிவயிற்றிலும் உணரப்படுவதுண்டு. உடன் வாந்தியும் வந்தால் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டார் முடிவு செய்துவிடுகின்றனர். ஆகவே, அடிவயிற்று வலி என்று சொல்லும் பையனிடம் தந்தையோ தாயோ தயங்காமல், “கீழே விதையில் வலிக்கிறதா? வீங்கியிருக்கிறதா?” என்று நேராகவே கேட்க வேண்டும். தொப்புளில் விளக்கெண்ணெய் வைப்பதும் இளநீர் கொடுப்பதும் முறுக்கிய விதைக்கு எந்த வகையிலும் உதவா. விடியட்டும், பார்ப்போம் என்று கழிக்கும் இரவுதான் பல பையன்களின் விதையைப் பறித்திருக்கிறது.

வலிக்கும் விதை மற்றதைவிட மேலேறியோ, குறுக்காகக் கிடப்பதாகவோ, தொட முடியாத அளவு நோவுடனோ இருந்தால் ஐயம் வலுப்படும். அவை தென்படாவிட்டாலும் முறுக்கம் இல்லை என்று வீட்டிலேயே முடிவு செய்யக்கூடாது. வலி திடீரென வந்து தானே அடங்கிவிட்டாலும் தாமதிக்காமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும், ஏனெனில் விதை முறுக்கிப் பின் தானே அவிழ்ந்திருக்கலாம், மீண்டும் முறுக்கவும் கூடும்.

தெருமுனைக் கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டு வலி குறைகிறதா என்று காத்திராமல், அறுவை அரங்கமும் மயக்க மருந்து கொடுப்பவரும் உள்ள மருத்துவமனைக்கு நேராகச் செல்லுங்கள். தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990 என்ற எண்ணில் ஆம்புலன்ஸை அழைக்கலாம். மயக்க மருந்து கொடுக்க நேரிடும் என்பதால் வழியில் உணவோ நீரோ கொடுக்க வேண்டாம். விதையை நீங்களே திருப்பிப் பார்க்கவும் வேண்டாம். வலி எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதைக் குறித்துக்கொண்டு, அவசரப் பிரிவில் நுழைந்ததும், “திடீர் விதை வலி, இத்தனை மணிக்குத் தொடங்கியது” என்று முதலில் அதையே சொல்லுங்கள். டாப்ளர் ஸ்கேன் இரத்த ஓட்டத்தைக் காட்டும் என்றாலும், அறிகுறிகள் தெளிவாக இருந்தால் அதற்குக் காத்திராமல் அறுவை சிகிச்சைக்கு அழைப்பார்கள். அது சரியான முடிவே. மறுபக்க விதையும் பின்னாளில் முறுக்காதபடி அப்போதே தைத்து நிலைநிறுத்தப்படும். ஒன்றை அகற்ற நேர்ந்தாலும் நலமான மற்றொன்று இருந்தால் பெரும்பாலோருக்குக் குழந்தைப்பேற்றுக்குத் தடையில்லை என்பதைப் பெற்றோர் அறிந்திருப்பது நல்லது.

அடிபட்ட வலி ஒரு மணி நேரத்தில் தணியாமல் வீக்கமோ கன்றலோ தோன்றினாலும், குடலிறக்கம் உள்ளவருக்குப் புடைப்பு உள்ளே போகாமல் இறுகி வாந்தி வந்தாலும், சர்க்கரை நோயாளிக்குக் காய்ச்சலுடன் விதைப்பைத் தோல் கருத்துக் கடுமையாக வலித்தாலும் அதே அவசரம்தான்.

சிறுநீர் எரிச்சல், காய்ச்சல் ஆகியவற்றுடன் ஓரிரு நாட்களில் கூடிய வலி பெரும்பாலும் நோய்த்தொற்றால் வருவது; அன்றோ மறுநாளோ மருத்துவரைக் காண வேண்டும். இளைஞர்களிடம் இது உடலுறவு வழியே தொற்றியதாக இருக்கக்கூடும் என்பதால் மருத்துவரிடம் எதையும் மறைக்காதீர்கள். துணைக்கும் சிகிச்சை தேவைப்படலாம். வலி குறைந்ததும் மாத்திரையை நிறுத்திவிடக்கூடாது. பொன்னுக்குவீங்கி கண்ட சில நாட்களில் விதை வீங்குவதும் உண்டு. விதையில் எந்த மாற்றமும் இல்லாமல் விலாவின் பின்புறத்திலிருந்து விட்டு விட்டு இறங்கும் வலிக்குச் சிறுநீரகக் கல் காரணமாக இருக்கலாம்.

நெடுநேரம் நின்றால் கனத்து, படுத்தால் குறையும் இடப்பக்க வலி பெரும்பாலும் இரத்த நாளப் புடைப்பால் வருவது. அதை நிதானமாகக் காட்டிக்கொள்ளலாம். விதையில் வலியே இல்லாத கெட்டியான கட்டி தட்டுப்பட்டாலோ, வலி இல்லை என்பதற்காகத் தள்ளிப்போடாமல் அந்த வாரமே மருத்துவரிடம் காட்ட வேண்டும். விதைப் புற்றுநோய் இளைஞர்களிடம் பெரும்பாலும் அவ்வாறே தொடங்குகிறது. தொடக்கத்தில் கண்டறிந்தால் மிகப்பெரும்பாலோர் முழுமையாகக் குணமடைகின்றனர்.