குறைந்த செலவில் எடை குறைந்த கயாக் துடுப்பைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கயாக் என்னும் குறுகிய துடுப்புப் படகை வாங்கும் பெரும்பாலானோர் கையில் உள்ள பணத்தைப் படகுக்கே செலவழித்துவிட்டு, மிஞ்சியதில்தான் துடுப்பைத் தேடுகிறார்கள். படகின் எடையைத் தண்ணீர் சுமந்துகொள்கிறது. துடுப்பின் எடையையோ நம் தோள்தான் சுமக்க வேண்டும். விநாடிக்கு ஒரு வீச்சு என்று வைத்துக்கொண்டால்கூட, ஒரு மணி நேரத்தில் 3,600 முறை துடுப்பைத் தூக்கி இறக்குகிறோம். 200 கிராம் கூடுதலாக இருந்தால் என்ன என்று கடையில் தோன்றும். இரண்டாவது மணி நேரத்தில் அப்படித் தோன்றாது. பணம் குறைவாக இருப்பவர்கள் இந்த எடையைக் குறைக்க, விலை உயர்ந்த கார்பன் இழைத் துடுப்பு ஒன்றுதான் வழி என்று எண்ண வேண்டியதில்லை. எடை துடுப்பின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்று பார்த்து வாங்கினால், நடுத்தர விலையிலேயே கைக்கு இலகுவான துடுப்பு கிடைக்கும்.

விலைச்சீட்டில் அச்சிட்டிருப்பது துடுப்பின் மொத்த எடை. 900 கிராம் என்று ஒரே எண் போட்ட இரண்டு துடுப்புகளில் ஒன்று கையில் இறகாகவும் மற்றொன்று உலக்கையாகவும் தோன்றுவது உண்டு. நடுவில் தண்டும் இரு முனைகளிலும் தண்ணீரைத் தள்ளும் தட்டையான பிளேடும் கொண்ட கயாக் துடுப்பு, ஒவ்வொரு வீச்சிலும் தன் நடுப்பகுதியைச் சுற்றித் திரும்புவதே இதற்குக் காரணம். அப்படித் திரும்பும் பொருளில், நடுவிலிருந்து எவ்வளவு தொலைவில் எடை இருக்கிறதோ, அந்தத் தொலைவின் வர்க்கத்துக்கு ஏற்பத் திருப்புவது கடினமாகும். நடுவிலிருந்து 30 செ.மீ. தொலைவில், கை பிடிக்கும் இடத்தில் இருக்கும் 50 கிராமைவிட, 90 செ.மீ. தொலைவில் பிளேடில் இருக்கும் அதே 50 கிராம் ஒன்பது மடங்கு தடையைத் தருகிறது. எனவே, மொத்த எடை ஒன்றாகவே இருந்தாலும், தடித்த பிளாஸ்டிக் பிளேடும் விலை உயர்ந்த தண்டும் கொண்ட துடுப்பைவிட, மெல்லிய பிளேடும் சாதாரணத் தண்டும் கொண்ட துடுப்பையே எடுங்கள். கடைகளில் தண்டின் பெருமையைத்தான் அதிகம் பேசுவார்கள் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, எந்தப் பொருளால் ஆன துடுப்பு என்ற கேள்விக்கு வரலாம். மிகவும் மலிவானது அலுமினியத் தண்டும் பிளாஸ்டிக் பிளேடும் கொண்டது. ஏறத்தாழ 1,000 முதல் 1,200 கிராம் வரை, சில நேரம் அதற்கு மேலும் இருக்கும். வெறும் பிளாஸ்டிக் எளிதில் வளைவதால் பிளேடைத் தடிமனாகச் செய்கிறார்கள். ஆகவே எடை சேரக் கூடாத இடத்திலேயே போய்ச் சேர்கிறது. அடுத்த படியில் ஃபைபர் கிளாஸ் (கண்ணாடியிழை) தண்டும், அதே இழை கலந்த நைலான் பிளேடும் கொண்ட துடுப்புகள் ஏறத்தாழ 850 முதல் 1,000 கிராம் வரை கிடைக்கின்றன. இழை கலந்த நைலான் விறைப்பாக இருப்பதால் மெல்லியதாகச் செய்ய முடிகிறது. செலவழிக்கும் பணத்துக்கு அதிகப் பலன் கிடைப்பது இந்தப் படியில்தான் என்பது என் கருத்து. இதற்கு மேல், நெய்த ஃபைபர் கிளாஸில் வார்த்த பிளேடு கொண்டவை 700 முதல் 850 கிராம் வரையிலும், முழுவதும் கார்பனால் ஆனவை 600 முதல் 750 கிராம் வரையிலும் இருக்கும். கடைசிப் படியில் 100 கிராமைக் குறைப்பதற்கு, முதல் படியில் 200 கிராமைக் குறைப்பதைவிட அதிகம் செலவாகும்.

‘கார்பன்’ என்ற சொல்லைக் கண்டதும் மயங்கிவிடக் கூடாது. கார்பன் இழைத் துணியைப் பிசினில் தோய்த்து, அடுக்கடுக்காகப் படிய வைத்துச் செய்த பிளேடு வேறு; பொடிப்பொடியாக நறுக்கிய கார்பன் இழையை நைலானில் கலந்து அச்சில் வார்த்த பிளேடு வேறு. பின்னது நல்ல விறைப்பான பிளேடுதான், ஆனால் எடையில் முன்னதற்கு நிகராகாது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் வேறுபாடு தெரியும். முன்னதில் பாய் முடைந்தது போன்ற நெசவு மின்னும், ஓரம் மெல்லியதாக இருக்கும். பின்னதில் ஒரே சீரான கறுப்பும், விளிம்பைச் சுற்றி அச்சின் மெல்லிய கோடும் காணப்படும். தண்டிலும் இதே கதைதான். கார்பன் தண்டு என்று விற்கப்படும் பலவற்றில் ஃபைபர் கிளாஸும் கலந்திருக்கும். அது ஏமாற்று அன்று, ஆனால் கலப்பின் அளவைக் கேட்டறிந்து விலையை மதிப்பிடுவது நல்லது.

ஒரு காசும் கூடுதலாகச் செலவழிக்காமல் எடையைக் குறைக்க வழி ஒன்று உண்டு. அது சரியான நீளத்தைத் தேர்ந்தெடுப்பது. புதியவர்கள் பெரும்பாலும் தேவைக்கு மேல் நீளமானதையே வாங்குகிறார்கள். 240 செ.மீ. துடுப்புக்குப் பதிலாக 220 செ.மீ. எடுத்தால், தண்டின் எடை சிறிதளவு குறைவதோடு, ஒவ்வொரு பிளேடும் நடுவை நோக்கி 10 செ.மீ. நெருங்கி வருகிறது. மேலே சொன்ன வர்க்கக் கணக்கின்படி, பிளேடுகள் தரும் சுழற்சித் தடை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். இதற்காகப் படகுக்குப் பொருந்தாத குட்டைத் துடுப்பை வாங்கினால், பிளேடு தண்ணீரில் முழுதாக மூழ்காது, விரல் முட்டிகள் படகின் விளிம்பில் மோதும், உடலும் இருபுறமும் சாய வேண்டிவரும். ஆகவே முதலில் படகின் அகலத்தை அளந்துகொள்ளுங்கள். 60 செ.மீ.க்கும் குறைவான அகலமுள்ள கயாக்குக்கு 210 முதல் 220 செ.மீ. வரையும், 60 முதல் 70 செ.மீ. அகலத்துக்கு 220 முதல் 230 செ.மீ. வரையும், அதைவிட அகலமானவற்றுக்கு 230 முதல் 240 செ.மீ. வரையும் பொதுவாகப் பொருந்தும். உயர்த்திய இருக்கை உள்ள மீன்பிடி கயாக்குகளுக்கு 250 செ.மீ. கூடத் தேவைப்படலாம். உயரம் குறைந்தவர்கள் இந்த வரம்பின் கீழ் எல்லையைப் பார்க்கலாம். தண்டைச் செங்குத்தாக நிறுத்தி வேகமாகத் துடுப்புப் போடுபவர்களுக்கும் அதுவே ஏற்றது. இவ்வாறு வேகமாகப் போடுபவர்களுக்கு அகலமான குட்டைப் பிளேடு பொருந்தும். கையைத் தோளுக்குக் கீழேயே வைத்து நிதானமாகச் செல்பவர்களுக்கு நீண்டு குறுகிய பிளேடுதான் உகந்தது.

பிளேடின் பரப்பையும் கவனியுங்கள். பெரிய பிளேடு ஒவ்வொரு வீச்சிலும் அதிகத் தண்ணீரைப் பிடிக்கும் என்பது உண்மை. அந்த அளவுக்குத் தோளையும் பிடிக்கும். பந்தயத்துக்கு அல்லாமல் சுற்றுலாவுக்குச் செல்பவர் 600 சதுர செ.மீ. அளவிலான சிறிய பிளேடை எடுத்து, வீச்சுகளைச் சற்று அடிக்கடி போட்டால் களைப்பு குறைவாக இருக்கும். எடையும் பிளேடிலேயே குறைகிறது.

நடுவில் கழற்றி மாட்டும் இணைப்பில் இரண்டு வகை உண்டு. பொத்தான் அழுத்திப் பூட்டுவது மலிவானது, ஆனால் நாளடைவில் ஆட்டம் கொடுக்கும். சிறு நெம்புகோலால் பூட்டும் வகையில் நீளத்தையும் பிளேடின் கோணத்தையும் மாற்றலாம். சில கிராம் கூடினாலும் அது நடுவிலேயே இருப்பதால் கைக்குத் தெரியாது. உங்களுக்கு எந்த நீளம் ஏற்றது என்று தெரியாத நிலையில், அந்தச் சில கிராமை நான் தயங்காமல் ஏற்றுக்கொள்வேன். நான்கு துண்டாகப் பிரியும் துடுப்பில் கூடுதல் இணைப்புகள் பிளேடுக்கு அருகே வந்துவிடுகின்றன. பெட்டியில் அடக்கிப் பயணம் செய்ய வேண்டியிராவிட்டால் அதைத் தவிர்க்கலாம். கை சிறியவர்கள் மெல்லிய தண்டு உள்ளதைக் கேட்டு வாங்கலாம்.

கடையில் துடுப்பை முழுதாகப் பூட்டித் தரச் சொல்லுங்கள். நடுவில் ஒரே கையால் பிடித்து, ஒரு முனை மேலும் மறு முனை கீழுமாக மணிக்கட்டால் மெதுவாக ஆட்டி, சட்டென்று நிறுத்துங்கள். பிளேடு கனமான துடுப்பு நிற்க மறுத்து மணிக்கட்டை இழுக்கும். இலகுவானது நின்ற இடத்தில் நிற்கும். பிறகு இரு கைகளாலும் வழக்கம்போலப் பிடித்து, காற்றிலேயே இரண்டு நிமிடம் துடுப்புப் போட்டுப் பாருங்கள். இணைப்பில் ‘டக் டக்’ என்று ஓசை எழுந்தால் அதைத் திருப்பி வைத்துவிடலாம். எடையைச் சொல்லாமல் ‘மிக இலேசானது’ என்று மட்டும் எழுதியிருந்தால், தராசில் வைத்து நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். எடை அவுன்ஸில் இருந்தால் 28.35 ஆல் பெருக்கினால் கிராம் கிடைக்கும். 32 அவுன்ஸ் என்பது ஏறத்தாழ 907 கிராம்.

குறைந்த பணத்தில் ஒரு படி மேலே ஏறுவதற்குப் பழைய துடுப்பு நல்ல வழி. கயாக்கை விற்றுவிட்டு விலகுபவர்கள் நல்ல ஃபைபர் கிளாஸ் துடுப்பையும் சேர்த்து விற்பதுண்டு. பிளேடும் தண்டும் சேரும் கழுத்துப் பகுதியில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். அடுக்குகளால் ஆன பிளேடாக இருந்தால், ஒரு நாணயத்தால் எல்லா இடங்களிலும் தட்டுங்கள். மற்ற இடங்களில் கணீரென்று ஒலித்து ஓரிடத்தில் மட்டும் மந்தமாக ஒலித்தால், அங்கே உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கக்கூடும். ஓரத்தில் சிறு சில்லுகள் பெயர்ந்திருப்பது பெரிய குறையல்ல, எப்பாக்சி என்னும் பிசினைப் பூசிச் சரிசெய்யலாம்; விலையைக் குறைத்துக் கேட்கவும் அது உதவும். ஆனால் தேய்ந்து ஆடும் இணைப்பைச் சரிசெய்வது எளிதன்று.

தச்சு வேலை தெரிந்தவர்களுக்கு இன்னும் மலிவான வழி, கிரீன்லாந்து வகை மரத்துடுப்பு. ஆர்க்டிக் பகுதியின் பழங்குடியினரான இன்யூட் மக்களின் மரபில் வந்த இந்தத் துடுப்பின் பிளேடு, பிடிக்கும் கைக்குள் அடங்கும் அளவு, அதாவது 8 முதல் 9 செ.மீ. வரைதான் அகலம். முடிச்சில்லாத, நேரான இழையோட்டமுள்ள ஒரு சிடார் பலகையிலிருந்து இழைப்புளியால் செதுக்கிவிடலாம். நீளம், இரு கைகளையும் விரித்த அளவோடு உங்கள் கையால் ஒரு முழம் என்று கணக்கிடுவது வழக்கம். மரமாதலால் தண்ணீரில் மிதக்கும், குளிரில் அலுமினியத்தைப் போல விரலை உறைய வைக்காது. பழகுவதற்குச் சில நாட்கள் ஆகும்.

எதை வாங்கினாலும், பாறையும் ஆழமில்லாத நீரும் உள்ள இடத்துக்கு இலகுவான துடுப்பைக் கொண்டுபோகாமல் பழைய பிளாஸ்டிக் துடுப்பை எடுத்துச் செல்லுங்கள்; மற்ற நாட்களில் அதைப் பிரித்து, படகின் மேல்தளத்தில் கட்டி, மாற்றுத் துடுப்பாக வைத்துக்கொள்ளலாம். கடல் நீரில் பயன்படுத்திய ஒவ்வொரு முறையும் இணைப்பைக் கழற்றி, நல்ல தண்ணீரில் கழுவி, தனித்தனியாகவே உலர வையுங்கள். உள்ளே உப்பும் மணலும் தங்கினால் இரு பாதிகளும் இறுகிப் பிரிக்க முடியாமல் போகும். எளிதாக நழுவட்டும் என்று எண்ணெயோ கிரீஸோ தடவ வேண்டாம், மணல் அதில்தான் ஒட்டிக்கொள்ளும்.