அழும் வீட்டுக்கும் அழாத வீட்டுக்கும் துக்கம் விசாரிக்கச் செல்வது எப்படி?

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு வேலை நிமித்தமாகக் குடிவந்தவர்கள், உடன் பணியாற்றுபவரின் வீட்டில் இறப்பு நேர்ந்தால் அங்கே எப்படி நடந்துகொள்வது என்று தயங்குவதுண்டு. பேச்சு அதிகம் தேவைப்படாது. அந்த வீட்டில் துக்கம் எப்படி வெளிப்படுகிறதோ அதற்கு இடம் கொடுத்தாலே போதும்.

கிராமத்து இழவு வீட்டில் ஆண்கள் பந்தலில் அமர்ந்திருக்க, உறவுப் பெண்கள் தெருமுனையிலிருந்தே அழுதபடி வந்து, ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைப்பார்கள். இறந்தவரின் பெருமையோடு பங்காளிகள் மீதுள்ள மனத்தாங்கலும் அதில் வந்து விழும். அதற்காக யாரும் பஞ்சாயத்து வைப்பதில்லை, நீங்களும் முகம் சுளிக்க வேண்டாம். நெஞ்சடைக்க அழுத அம்மாளே சட்டென்று நிறுத்தி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எப்பம்மா வந்த, காப்பி குடிச்சியா?" என்று கேட்டுவிட்டு மறுபடியும் அழத் தொடங்குவார். இதை நடிப்பு என்பது அவசரத் தீர்ப்பு. நகரத்தில் வளர்ந்த நம்மவர்களே அப்படிச் சொல்வதுதான் வேதனை. மாலையைச் சாத்தி, உரியவரின் கையைப் பற்றி, சற்று நேரம் உட்கார்ந்திருந்து, "போய் வருகிறேன்" என்று சொல்லாமல் எழுந்து வாருங்கள். பேரன் பேத்தி கண்டவரின் கல்யாணச் சாவாக இருந்தால் பறையும் ஆட்டமும் கூட இருக்கும்.

கிருஷ்ணகிரியின் இஸ்லாமியர் வீடுகளில் கண்ணீருக்குத் தடையில்லை. மகன் இப்ராஹீம் இறந்தபோது நபிகள் நாயகமே கண்கலங்கினார். ஆனால் ஓலமிடுவதும் மார்பில் அடித்துக்கொள்வதும் விலக்கப்பட்டவை என்பதால், அங்குள்ள அமைதியைக் கல்நெஞ்சம் என்று எண்ணிவிடக் கூடாது. நல்லடக்கம் பெரும்பாலும் அன்றே முடிந்துவிடும், தாமதிக்காமல் செல்லுங்கள்.

ஓசூர்த் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒடிசா இளைஞருக்குத் தாய் இறந்த செய்தி கைப்பேசியில் வந்தால், மேலாளர் முன்னால் அவர் லேசாகச் சிரிக்கவும் கூடும். மனத்தை உலுக்கும் திரைப்படங்களை ஜப்பானிய, அமெரிக்க மாணவர்களுக்குக் காட்டி உளவியலாளர் வாலஸ் ஃபிரீசன் ஆராய்ந்து 1972-இல் எழுதியபடி, தனிமையில் இரு சாராரின் முகங்களும் ஏறக்குறைய ஒன்றுபோலவே மாறின. ஆய்வாளர் உடனிருந்தபோதோ ஜப்பானியர் பலர் புன்னகையால் மறைத்தனர். அதிகாரியின் முன் முகத்தை அடக்குவது ஜப்பானியருக்கு மட்டும் உரியதன்று. ஆகவே அந்த இளைஞரை எல்லோர் முன்னிலையிலும் துருவிக் கேட்காமல், தனியே அழைத்து விடுப்பை உறுதிசெய்து, அவர் மொழி பேசும் அறைத்தோழர் ஒருவரோடு பெங்களூரு ரயில் நிலையத்துக்கு அனுப்பி வையுங்கள். ஊர் போய்ச் சேர்வதற்குள் சடங்கு முடிந்திருக்கக்கூடும் என்பதால், அவர் திரும்பிய பின் மீண்டும் ஒருமுறை விசாரிக்க வேண்டும்.