14ஆம் நாள் எல்லாருக்கும் 14ஆம் நாள் இல்லை

குழந்தைக்காகக் காத்திருப்பவர்கள் பலரும் சினைப்பையிலிருந்து முட்டை வெளிவருவது 14ஆம் நாள் என்றே நாள் எண்ணுகிறார்கள். அதில் முதல் தப்பு எண்ணத் தொடங்குகிற நாளிலேயே வருகிறது. நம்ம பக்கம் தலைக்குக் குளித்த நாளிலிருந்து எண்ணுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அப்படி எண்ணினால் நாலைந்து நாள் அங்கேயே போச்சு. இரத்தம் நன்றாகப் படத் தொடங்கிய நாள்தான் முதல் நாள்.

அடுத்து அந்த 14. அது 28 நாளுக்கு ஒருமுறை மாதவிலக்கு ஆகிறவர்களின் கணக்கு. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி எஃப்.எஸ்.எச். என்ற ஹார்மோனை அனுப்ப, சினைப்பையில் முட்டை இருக்கும் சிறு பையான முட்டைப்பை வளர்ந்து ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைச் சுரக்கிறது; அந்த ஈஸ்ட்ரோஜன் இரண்டு நாள் போல உச்சத்தில் நின்றால்தான் பிட்யூட்டரியின் இன்னொரு ஹார்மோனான எல்.எச். சட்டென்று எகிறும், அதிலிருந்து சுமார் 36 மணி நேரத்தில் முட்டை வெளியே வரும். ஆளுக்கு ஆள், மாதத்துக்கு மாதம் இழுப்பதும் குறைவதும் பெரும்பாலும் இந்த முன்பாதிதான். முட்டை வந்த பிறகு சுரக்கும் புரோஜெஸ்டரோன் ஹார்மோன் ஆளுகிற பின்பாதி 12 முதல் 14 நாள், அதிகம் மாறாது. ஆகவே 35 நாள் சுற்று உள்ளவருக்கு முட்டை வருவது 21ஆம் நாளையொட்டித்தான். முட்டை வந்ததா என்று பார்க்க வழக்கமாக 21ஆம் நாள் எடுக்கச் சொல்லும் புரோஜெஸ்டரோன் இரத்தப் பரிசோதனையையும் அவர் 28ஆம் நாள் வாக்கில்தான் எடுக்க வேண்டும், இல்லையென்றால் முட்டையே வரவில்லை என்று தப்பாகத் தெரியும்.

குமரி மாவட்டத்துத் தூத்தூர் பக்கம் ஆழ்கடலுக்கு மீன்பிடிக்கப் போகிறவர் கரையில் இருப்பதே சில நாள். அவர் வீட்டில் இந்தக் கணக்கு தப்பினால் அடுத்த வாய்ப்புக்கு எவ்வளவு காத்திருக்க வேண்டுமோ! முட்டை வந்த பிறகு சேர்வதைவிட அதற்கு முந்தைய நாட்கள்தான் முக்கியம், ஏனென்றால் முட்டை 12 முதல் 24 மணி நேரம்தான் தாங்கும், விந்தணு 5 நாள் வரை உயிரோடு இருக்கும். காலையில் உடல் வெப்பம் ஏறட்டும் என்று காத்திருப்பதும் வீண், அது முட்டை வந்த பிறகுதான் ஏறும்.

முட்டை வரப்போவதைச் சிறுநீரில் பார்த்துச் சொல்லும் எல்.எச். ஸ்ட்ரிப்பைக் கர்ப்ப கார்டு மாதிரி படிக்காதீர்கள். கார்டில் மங்கலான கோடும் கணக்கு. இதிலோ சோதனைக் கோடு பக்கத்துக் கோட்டின் அளவுக்காவது அழுத்தமாக இருக்க வேண்டும். பி.சி.ஓ.எஸ். என்ற சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ளவர்களுக்கு எல்.எச். எப்போதுமே கூடுதலாக இருக்கலாம் என்பதால் ஸ்ட்ரிப்பை மட்டும் நம்ப முடியாது, ஸ்கேன்தான் சரி.

அப்புறம் இன்னொரு தப்பு, மாசிக் கொடைக்கு மண்டைக்காட்டு அம்மன் கோயிலுக்கு இருமுடி கட்டும் நேரத்தில் பக்கத்து வீட்டு அக்கா கொடுத்தார் என்று மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரை போடுவது. அந்த மாத்திரையில் உள்ள நோரெதிஸ்டிரோன் என்ற மருந்து புரோஜெஸ்டரோன் வேலையைச் செய்து கருப்பை உள்படலம் உதிராமல் பிடித்து வைக்கிறது, நிறுத்தினால் 2, 3 நாளில் இரத்தம் படும். வழக்கமாக எதிர்பார்க்கும் நாளுக்கு 3 நாள் முன்பே தொடங்க வேண்டும். இரத்தம் பட்ட பிறகு போட்டுப் பயனில்லை. இது கருத்தடை மாத்திரையும் அல்ல. இரத்தக்கட்டு வந்தவர்கள், ஈரல் நோய் உள்ளவர்கள், கர்ப்பமாக இருக்கலாம் என்று சந்தேகம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.