லினக்ஸ் பேக்கேஜ் போடும் முன் பெயரையும் சின்னத்தையும் பாருங்கள்

கட்டற்ற மென்பொருளின் மூல நிரலைத் திருத்தலாம், மறுபடி வெளியிடலாம். பெயரும் லோகோவும் வேறு. அவை வணிகக் குறி (டிரேட்மார்க்) சட்டத்தின் கீழ் வருபவை. புதிதாக பேக்கேஜ் போட, அதாவது ஒரு மென்பொருளை லினக்ஸில் நிறுவத்தக்க தொகுப்பாக்கி வெளியிட வருகிறவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது இங்கேதான். டெபியன் என்ற லினக்ஸ் விநியோகத்தில் ஃபயர்பாக்ஸ் உலாவிக்கு நடந்ததை வைத்தே பார்ப்போம்.

1. முதலில் உரிமத்தைத் திறந்து, வணிகக் குறி பற்றிய பிரிவைத் தேடுங்கள். அப்பாச்சி 2.0 உரிமத்தில் அது 6ஆம் பிரிவு, ஃபயர்பாக்ஸை உருவாக்கும் மொசில்லாவின் 2.0 உரிமத்தில் 2.3. குறிகளுக்கான உரிமை இந்த உரிமத்தோடு வராது என்றுதான் இரண்டும் சொல்கின்றன. அப்புறம் அந்தத் திட்டத்தின் வணிகக் குறிக் கொள்கையைத் தனியாகப் படியுங்கள்.

2. லோகோ படங்களின் உரிமத்தையும் பாருங்கள். ஃபயர்பாக்ஸ் லோகோவின் உரிமம் கட்டற்றதாக இல்லாததால், டெபியன் அதை நீக்கிவிட்டுப் பெயரை மட்டும் வைத்திருந்தது. லோகோ இல்லாமல் பெயரைப் பயன்படுத்தக் கூடாது, திருத்தங்களுக்கும் ஒப்புதல் வேண்டும் என்று 2006இல் மொசில்லா சொன்னது. பழைய பதிப்புக்குப் பாதுகாப்புத் திருத்தங்களைத் தானே சேர்த்துக்கொண்டிருந்த டெபியனுக்கு அது ஒத்துவரவில்லை. உலாவியின் பெயர் ஐஸ்வீசல் ஆனது. 2016இல்தான் ஃபயர்பாக்ஸ் என்ற பெயர் திரும்பி வந்தது.

3. உங்கள் பேட்ச்களை, அதாவது மூல நிரலில் நீங்கள் செய்யும் திருத்தங்களை, அந்தக் கொள்கையோடு ஒப்பிடுங்கள். கோப்புப் பாதையை மாற்றுவது ஒரு ரகம். முகப்புப் பக்கத்தையோ தேடுபொறியையோ மாற்றுவது வேறு ரகம். சந்தேகம் இருந்தால் அந்தத் திட்டத்தின் மேம்பாட்டாளர்களிடம் எழுத்தில் கேளுங்கள். ஆனால் டெபியனுக்கு மட்டும் என்று கிடைக்கும் அனுமதியை நம்பி இறங்காதீர்கள். டெபியனை எடுத்து வேறு விநியோகம் உருவாக்குகிறவர்களுக்கு அது உதவாது. உரிமம் டெபியனுக்கு மட்டும் உரியதாக இருக்கக் கூடாது என்பது அதன் கட்டற்ற மென்பொருள் வழிகாட்டுதல்களில் 8ஆவது.

4. ஒத்துவரவில்லையா, பெயரை மாற்றிவிடுங்கள். திருத்திய பதிப்புக்கு வேறு பெயர் வை என்று உரிமம் கேட்பதை அதே வழிகாட்டுதல்களின் 4ஆவது விதி ஏற்கிறது. எனக்கும் அது நியாயமாகவே படுகிறது. நாம் போட்ட பேட்சில் வந்த பிழைக்கு மூல மேம்பாட்டாளர்களின் பெயர் கெடக் கூடாது.

ஃபயர்பாக்ஸில் இந்த வேலை சுலபம். பெயரும் படங்களும் 'பிராண்டிங்' கோப்புறையில் தனியாக இருக்கின்றன. அதிகாரபூர்வ பிராண்டிங் விருப்பத்தைக் கொடுக்காமல் மூல நிரலை பில்ட் செய்தால் (இயங்கும் நிரலாக்கினால்) ஃபயர்பாக்ஸ் என்ற பெயரும் லோகோவும் வராது. மற்றவற்றில் நீங்களேதான் தேட வேண்டும்: மெனுவுக்கான டெஸ்க்டாப் கோப்பு, ஐகான்கள், 'பற்றி' சாளரம், மேன் பக்கம் (கட்டளைக்கான உதவிப் பக்கம்). மொழிபெயர்ப்புக் கோப்புகளை மறக்காதீர்கள். ஆங்கிலத்தில் மாற்றிவிட்டுத் தமிழில் பழைய பெயரையே விட்டுவிடுவது எளிதில் நடக்கும்.

பதிப்புரிமை அறிவிப்புகளில் மட்டும் கை வைக்காதீர்கள். அவை அப்படியே இருக்க வேண்டும். பேக்கேஜ் விவரத்தில் 'ஃபயர்பாக்ஸை அடிப்படையாகக் கொண்டது' என்று உண்மையைச் சொல்வதும் பொதுவாகத் தவறில்லை. பழைய பெயரில் ஏற்கெனவே நிறுவியவர்கள் இருந்தால், புதியதை இழுத்துவரும் இடைமாற்றுப் பேக்கேஜ் ஒன்றையும் சேர்த்து வெளியிடுங்கள்.